லைம் நோயும் 'இம்யூனிட்டி' பேச்சும்

கொரோனா வந்து போனதிலிருந்து, 'இம்யூனிட்டி நல்லா இருந்தா எந்தக் கிருமியும் அண்டாது' என்பது நம் வீடுகளில் வேதவாக்காகிவிட்டது. கஷாயம் விற்பவரும் சொல்கிறார், ஜிம் நடத்துபவரும் சொல்கிறார். அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்குக் கோடையில் போகும் பெற்றோரிடம் 'புல்லில் உண்ணி இருக்கும், பார்த்து நடங்கள்' என்றால் அவர்களிடமிருந்தும் இதே பதில்தான் வருகிறது. அந்த நாட்டில் உண்ணியால் பரவும் லைம் நோய்க்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,76,000 பேர் சிகிச்சை பெறுவதாக அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. இத்தனை பேரும் சத்தில்லாதவர்களா? கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரில் 1970-களின் நடுவில் இந்த நோய் கவனத்துக்கு வந்ததே, ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு முட்டி வீங்கியதால்தான்.

நோயைத் தருவது பொரீலியா என்ற சுருள் வடிவ பாக்டீரியா. வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் 1981-ல் உண்ணியின் குடலில் அதைக் கண்டார்.

உடம்பு வலுவாக இருந்தால் கிருமியை நுழையும்போதே கொன்றுவிடும் என்கிறார்கள். நுழைகிற இடத்தையே பார்ப்போம். கசகசா அளவிலான இளம் உண்ணி தோலில் வாயை ஊன்றி மூன்று முதல் ஐந்து நாள் ரத்தம் குடிக்கும். அத்தனை நேரம் ஒட்டியிருக்க வேண்டுமானால் கடி வலிக்கக் கூடாது, ரத்தம் உறையக் கூடாது, கடித்த இடம் வீங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் அதன் எச்சிலில் சரக்கு இருக்கிறது. சால்ப்15 என்ற எச்சில் புரதம் நம் டி செல்களைக் கிளர்ந்தெழ விடாமல் அமுக்குகிறது; கூடவே பாக்டீரியாவின் மேலே ஒட்டிக்கொண்டு ஆன்டிபாடி படாமல் மறைக்கிறது. உண்ணி தன் சாப்பாட்டுக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டில் பொரீலியா ஓசியில் உள்ளே வந்துவிடுகிறது.

வந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. நம் ரத்தத்தில் ஃபேக்டர் எச் என்ற புரதம் உண்டு. நம் சொந்தச் செல்களை நம் பாதுகாப்புப் புரதங்களே தாக்கிவிடாமல் தடுப்பது அதன் வேலை. பொரீலியா அதைப் பிடித்துத் தன் மேல் போர்த்திக்கொள்கிறது. தொற்று வந்தால் உடம்பு இரும்புச்சத்தைப் பதுக்கிவைத்துக் கிருமியைப் பட்டினி போடப் பார்க்கும். அதுவும் இங்கே பலிக்காது. பொரீலியாவுக்கு இரும்பே தேவையில்லை, மாங்கனீஸை வைத்துக் காலம் தள்ளுகிறது.

'ஆன்டிபாடி உருவாகிவிட்டால் தீர்ந்தது கதை' என்பது அடுத்த வாதம். ஆன்டிபாடி உருவாகத்தான் செய்கிறது, தாராளமாகவே. ஆனால் பொரீலியாவின் மேற்பரப்பில் விஎல்எஸ்-ஈ என்ற புரதம் இருக்கிறது. அதை உருவாக்கும் மரபணுவுக்குப் பக்கத்தில், ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் பொரீலியா வகையில், வேலை செய்யாத 15 துண்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பாக்டீரியா அந்தத் துண்டுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வேலை செய்யும் மரபணுவில் ஒட்டிக்கொண்டே போகிறது. நேற்றைய புரதத்துக்கு உடம்பு ஆன்டிபாடி தயாரித்து முடிக்கும்போது இன்று வேறு புரதம் வெளியே நிற்கிறது. இந்த மாற்றம் உண்ணியின் உடலுக்குள் நடப்பதில்லை, ஆய்வகக் குடுவையிலும் நடப்பதில்லை. பாலூட்டியின் உடலுக்குள் வந்த பிறகே தொடங்குகிறது.

இந்த மரபணுத் தொகுதி இல்லாத பொரீலியாவைச் சுண்டெலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஆரோக்கியமான எலிகள் சில வாரங்களில் அதைத் துடைத்தெறிந்தன. ஆன்டிபாடி உருவாக்க முடியாமல் பிறந்த எலிகளில் அதே பாக்டீரியா தங்கிவிட்டது. ஆக, ஆரோக்கியமான உடம்பின் ஆன்டிபாடி கொல்லக்கூடியதுதான். அந்த வலுவான தாக்குதலிலிருந்து தப்பவே இந்த வித்தை. எதிராளி பலவீனமாக இருந்தால் வித்தைக்கே வேலையில்லை. 'இம்யூனிட்டி குறைந்தவருக்கே வரும்' என்போர் இந்த எலிகளுக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

இன்னொன்று, எதிர்ப்பாற்றல் கூடக் கூட நல்லது என்ற நம்பிக்கை. பொரீலியா பெரிதாக நச்சு எதையும் சுரப்பதாகத் தெரியவில்லை. முட்டி வீக்கம், வலியெல்லாம் பெரும்பாலும் நம் எதிர்ப்புச் செல்கள் அதை விரட்டுகிற அமளியில் வருபவை. அமெரிக்கக் காடுகளில் இருக்கும் வெண்பாதச் சுண்டெலி அந்த அமளி இல்லாமல் இந்தக் கிருமியைச் சுமந்தபடியே நலமாகத் திரிகிறது. அதைக் கடித்த உண்ணிதான் பிறகு நம்மைக் கடிக்கிறது.

ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வராது என்பதும் தவறு. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், லைம் நோயின் செந்தடிப்பு மறுபடியும் தோன்றிய 17 பேரிடமிருந்து எடுத்த பாக்டீரியாக்களை ஒப்பிட்டார்கள். ஒருவருக்குக்கூட பழைய கிருமி திரும்பியிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் புதிய உண்ணி, வேறு வகைக் கிருமி.

ரத்தப் பரிசோதனை பற்றி ஒரே வார்த்தை: அது தேடுவது ஆன்டிபாடியைத்தான். எனவே முதல் சில வாரங்களில் 'நெகட்டிவ்' என்றால் ஆன்டிபாடி இன்னும் போதிய அளவு சேரவில்லை என்றும் பொருள் இருக்கலாம். குணமாகிப் பல ஆண்டுகள் கழித்தும் 'பாசிட்டிவ்' வரலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேர் எதிர்க் கோடிக்குப் போய் நிற்பவர்களும் உண்டு. உடம்பையே ஏமாற்றுகிற கிருமி மருந்தையும் ஏமாற்றும், எனவே வருடக்கணக்கில் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது அமெரிக்காவில் ஒரு தரப்பின் வாதம். ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரிய வேண்டும்; டாக்ஸிசைக்ளினுக்கு வேண்டாம். அது பாக்டீரியா புரதம் தயாரிக்கும் இடத்தையே முடக்குகிறது, மேலே எந்தப் புரதம் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. தொடக்கத்திலேயே கண்டால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலோருக்குக் குணமாகிறது.

சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு அசதியும் வலியும் மாதக்கணக்கில் நீடிப்பது உண்மை. அதைக் கற்பனை என்று ஒதுக்கும் டாக்டர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் 2001-ல் வெளியான சோதனையில் அப்படிப்பட்டவர்களுக்கு 90 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தும், வெற்று மருந்து பெற்றவர்களைவிட அவர்கள் தேறவில்லை. 2016-ல் நெதர்லாந்திலும் இதே முடிவுதான். மூட்டுவலி விடாத நோயாளிகள் சிலரின் மூட்டு நீரில், சிகிச்சைக்குப் பிறகும் பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்குகள் தங்கியிருப்பதை 2019-ல் கண்டார்கள். துணுக்கைக் கொல்ல மருந்து கிடையாது. நீண்டகாலம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டவர்களில், ஊசிக்குழாய் வழியே வேறு கிருமி புகுந்து இறந்தவர்களும் இருக்கிறார்கள்.