சத்துணவு பிறந்த ஊரில் பப்ஸ் தின்னும் மாணவர்கள்

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருச்சி பாப்பாக்குறிச்சியில்தான். பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானதும் அதே ஆண்டுதான். ஆனால், சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதன்பிறகு அவரவர் பாடு.

மாணவர்கள் காலைச் சாப்பாட்டை விடுவது சோம்பலால் மட்டுமல்ல. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வந்து, இன்னொரு பஸ் மாறி ஓடுபவருக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் ஏது? பதினோரு மணிப் பசிக்கு கேன்டீனில் பப்ஸும் டீயும், ராத்திரிக்கு பரோட்டா.

தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கணும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். வெறும் அறிவுரையால் அது நடக்காது. பப்ஸ் விலைக்கே சுண்டலும் வாழைப்பழமும் கேன்டீனில் கிடைக்கணும். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிற ஊரில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்?