இலக்கணம் மாறும்போது எது தொலைகிறது?

ஆண்டு மலர் என்றாலே நட்பு, காதல், கவிதை என்றுதான் பக்கங்கள் நிரம்பும். நான் இலக்கணம் பற்றி எழுத வந்திருக்கிறேன். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், இது தமிழய்யா நடத்திய இலக்கணம் இல்லை. ஒரு மொழியின் வாக்கிய அமைப்பைக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கப் பல முறைகள் இருக்கின்றன. ஒரு முறையில் எழுதியதை இன்னொரு முறைக்கு மாற்றுவதும் சகஜமாக நடக்கிறது. "மாத்தினா என்னடா, வாக்கியம் அதேதானே?" என்கிறான் என் பெஞ்ச் நண்பன். வாக்கியம் அதேதான். ஆனால் தொலைவது வேறு ஒன்று என்பது என் கருத்து.

"அப்பா அம்மாவிடம் பணத்தைக் கொடுத்தார்." இதற்கு ஒரே விதி எழுதலாம்: வாக்கியம் என்றால் கொடுப்பவர், வாங்குபவர், பொருள், வினை. நாலு பேரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். நோம் சாம்ஸ்கி 1959ல் காட்டிய வடிவத்துக்கு இதை மாற்றினால் நாலு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. விதியின் வலப்பக்கம் இரண்டு பகுதிதான் வரலாம், அல்லது ஒரே ஒரு சொல். அதனால் 'பணத்தைக் கொடுத்தார்' என்று ஒரு கட்டு, அதோடு அம்மாவைச் சேர்த்து இன்னொரு கட்டு, கடைசியில் அப்பா. இப்படிக் கட்டச் சொன்னது தமிழ் இல்லை, அந்த வடிவம். மாற்றிய பிறகும் இலக்கணம் அதே வாக்கியங்களைத்தான் ஏற்கும், ஒன்றுகூடக் கூடாது, குறையாது. ஆனால் உள்ளே இருக்கும் மரம் வேறாகிவிட்டது. இதனால் லாபமும் உண்டு. சி.ஒய்.கே. என்ற பகுத்தறியும் வழிமுறை வேலை செய்ய இந்த வடிவம்தான் வசதி. புதிதாகப் போட்ட கட்டுகளுக்கு ஒரு குறி வைத்திருந்தால் பழைய மரத்துக்குத் திரும்பியும் வரலாம். குறி வைக்காவிட்டால்? அவ்வளவுதான்.

பெரியவர்கள் நிரூபித்ததும் வாக்கியங்களைப் பற்றித்தான். புனேயில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த அரவிந்த் ஜோஷி, மரங்களையே துண்டு துண்டாக ஒட்டிக் கட்டும் ஓர் இலக்கண முறையை 1975ல் இரண்டு பேரோடு சேர்ந்து வெளியிட்டார். அதுவும், தனித்தனியாகப் பிறந்த வேறு மூன்று முறைகளும் ஒரே சக்தி உள்ளவை என்று விஜய்சங்கரும் வெயரும் 1994ல் காட்டினார்கள். அருமையான முடிவு! ஆனால் 'ஒரே சக்தி' என்றால் ஒரே வாக்கியங்களை உருவாக்கும் என்று அர்த்தம். ஒரே மரத்தைத் தரும் என்று அர்த்தம் இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம் தவறு.

எங்க அப்பா கொத்தனார். அடிக்கணக்கை மீட்டருக்கு மாற்றுவது அவருக்கு ஒரு நொடி, திரும்ப மாற்றுவதும் ஒரு நொடி. ஆனால் பூசி முடித்த தூணைக் காட்டி உள்ளே எத்தனை கம்பி என்று கேட்டால், "கட்டும்போதே எழுதி வச்சிருக்கணும் தம்பி" என்பார். மாற்றத்திலும் இந்த இரண்டு ரகம் இருக்கிறது.

நம் தமிழுக்கே வருவோம். செக் நாட்டின் பிராக் நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 600 தமிழ் வாக்கியங்களுக்கு, எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்தது என்று அம்புக்குறி போட்டார்கள். முதலில் அது பிராக் முறையில் இருந்தது. 2015ல் அதை உலகப் பொது முறைக்கு மாற்றினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் அந்தப் பொது முறையில் இருக்கின்றன, அதில் தமிழும் உட்கார்ந்திருப்பது பெருமைதான். மாற்றத்தில் சில இடம் மீட்டர் ரகம். 'அம்மாவைப் பற்றிப் பேசினான்' என்பதில் பிராக் முறைக்கு 'பற்றி' தலை, பொது முறைக்கு 'அம்மா' தலை. அம்பைத் திருப்பினால் போதும், மறுபடியும் திருப்பிக்கொள்ளலாம்.

தூண் ரகம் எங்கே வருகிறது? "ஏழை மாணவர் மற்றும் மாணவியர்க்குக் கட்டணச் சலுகை" என்று ஒரு சுற்றறிக்கை வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஏழை' இருவரையும் குறிக்கிறதா, மாணவரை மட்டுமா? எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அடுத்து என் தங்கை வருவாள். 'ஏழை' இருவருக்கும் என்றால் அவளுக்கும் வருமானச் சான்றிதழ் வாங்க அப்பா ஒருநாள் கூலியை விட்டு அலையணும். மாணவருக்கு மட்டும் என்றால் அவளுக்குச் சான்றிதழே தேவையில்லை. எனக்கு இது இலக்கணக் கேள்வி இல்லை, பீஸ் கேள்வி!

பிராக் முறையில் 'மற்றும்' தலையாக நிற்கும். இருவருக்கும் என்றால் 'ஏழை'யை அதில் தொங்கவிடலாம், மாணவருக்கு மட்டும் என்றால் 'மாணவர்' மேல் தொங்கவிடலாம். பொது முறையின் அடிப்படை மரத்தில் முதலில் வருகிற 'மாணவர்'தான் தலை. எந்த அர்த்தமானாலும் 'ஏழை' அங்கேதான் போய்த் தொங்கும். மாற்றிய பிறகு மரத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. இதைச் சொல்லக் கூடுதல் அம்பு போடும் ஏற்பாடு பொது முறையிலேயே உண்டு. ஆனால் மாற்றும்போதே போடணும், பூசின பிறகு இல்லை.

கோடிக்கணக்கில் வாக்கியத்தைக் கொட்டினால் கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொள்ளும், இந்த மரமெல்லாம் எதற்கு என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். கொட்டட்டும். அது சரியாகக் கற்றதா என்று பார்க்க ஆள் சரிபார்த்த வாக்கியம் வேண்டாமா? ஆங்கிலத்துக்கு அது மலைபோல் கிடக்கிறது, நாலு தொலைந்தால் தெரியாது. இங்கே இருப்பது கொஞ்சம்தான்.

ஆகவே மாற்றுகிறவர்கள் பழைய வடிவத்தைத் தூக்கி எறியக் கூடாது. எங்கே எதை விட்டோம் என்று பட்டியலும் தர வேண்டும். அதைச் சரிபார்க்க டாக்டர் பட்டம் தேவையில்லை, பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த நாமே போதும். 'ஏழை' யாரைக் குறிக்கிறது என்பது நமக்குத்தானே தெரியும்! வருஷா வருஷம் அதே நூலக மென்பொருள், அதே சம்பளப் பட்டியல் என்று ப்ராஜெக்ட் செய்வதற்குப் பதில் நம் கம்ப்யூட்டர் பிரிவு இதை எடுக்கலாம். வாக்கியங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இருபது பேர், ஆளுக்கு முப்பது வாக்கியம். எங்கள் வகுப்பில் இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

- இறுதியாண்டு மாணவன், கணிப்பொறியியல் பிரிவு