கதவைத் தட்டுவது யார்?



பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த மனிதனைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவனுடைய நோயையும் ஆண்டவர் அருளிய சுகத்தையும் விரிவாகப் பேசிய நான், தன்னைத் தண்ணீரில் இறக்கிவிட ஆளில்லை என்று அவன் முறையிட்டதை மட்டும் விரைந்து கடந்துவிடுவேன். இவ்வாரம் ஓர் ஆய்வு நூல் என்னை அம்முறையீட்டிலேயே நிறுத்திவிட்டது.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரைக் கடும் வெப்ப அலை தாக்கியது. வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக மாண்டனர். பிணவறையில் இடம் போதாமல் குளிரூட்டப்பட்ட லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மரித்தோரில் பெரும்பாலோர் முதியோர். பலர் அடைத்த சன்னல்களுக்குப் பின்னே, எவரும் அறியாமல் உயிர் விட்டவர்கள். அவர்களில் சிலருடைய உடலைக் கேட்டுக்கூட ஒருவரும் வரவில்லை.

எரிக் கிளினென்பெர்க் என்னும் சமூகவியலாளர் இம்மரணங்களை ஆராய்ந்து 2002இல் நூலாக வெளியிட்டார். அடுத்தடுத்துள்ள வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் ஆகிய இரு பகுதிகளை அவர் ஒப்பிடுகிறார். வெயில் ஒன்றே, வறுமையும் தனித்து வாழும் முதியோரும் இரண்டிலும் உண்டு. ஆயினும் வெப்பத்தால் மாண்டோர் வடக்கில் லட்சத்துக்கு 40 பேர், தெற்கில் 4 பேர். தெற்கின் வீதிகளில் கடைகளும் மக்கள் நடமாட்டமும் இருந்தன. முதியோர் அச்சமின்றி வெளியே வந்தனர், கடைகளில் சற்று நேரம் குளிர்ச்சியாக நின்றனர், நாள்தோறும் யாரேனும் அவர்களைக் கண்டனர். வடக்கிலோ ஆலைகளும் கடைகளும் மூடப்பட்டு, மக்கள் வெளியேறி, வெற்று மனைகளே மிஞ்சியிருந்தன. குற்றங்களுக்கு அஞ்சிய முதியோர் கதவைத் திறக்கவே தயங்கினர். அப்பகுதியிலும் ஆலயங்கள் இல்லாமலில்லை என்பது போதகனாகிய என்னை உறுத்துகிறது.

இன்னொன்று. தனியே வாழும் முதியோரில் பெண்களே அதிகம். ஆனால் துணையின்றி மாண்டோரில் ஆண்களே மிகுதி. நம் மாதர் ஐக்கியம் ஒருவரையொருவர் விசாரிப்பதையும், ஆராதனை முடிந்ததும் ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவதையும் பார்க்கிற எனக்கு இது வியப்பளிக்கவில்லை.

பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டதே இதற்கெல்லாம் காரணம் என்று நம்மில் சிலர் உடனே சொல்லக்கூடும். அத்தீர்ப்பு எளிது, ஆனால் போதாது. 1999இல் மீண்டும் வெப்ப அலை வந்தபோது நகராட்சி முதியோரைத் தொலைபேசியில் அழைத்தது, வீடுகளுக்கு ஆட்களை அனுப்பியது, குளிர்ந்த கூடங்களுக்குச் செல்ல இலவசப் பேருந்துகளை விட்டது. அம்முறை மாண்டோர் 110 பேர். அதுவும் துயரமே, எனினும் நான்கு ஆண்டுகளில் அந்நகரத்துப் பிள்ளைகளின் உள்ளம் மாறிவிடவில்லை, நிர்வாகத்தின் செயல்தான் மாறியது. ஆகவே அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்பதும் ஊழியமே என்று கருதுகிறேன்.

நம் குறையையும் அறிக்கையிடவேண்டும். சென்ற ஆண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மூன்று ஞாயிறுகள் ஆலயத்துக்கு வரவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். அவரோ நான்கு தெருக்களுக்கு அப்பால் காய்ச்சலில் கிடந்தார். பால்காரர் பார்த்துச் சொல்லித்தான் நான் சென்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; வந்ததற்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின், தனித்து வாழும் நம் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் ஆலய வாசலில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, நாள்தோறும் அழைத்து விசாரிக்கப்போகிறவரின் பெயருக்காக இடம் விட்டிருக்கிறேன். ஆண்கள் முதலில் எழுதும்படி வேண்டுகிறேன்.