பதினைந்து நாள் பெற்றோர்

ஹெய்ட்டி நாட்டிலிருந்து குழந்தைகளைச் சுவீகாரம் எடுக்க விரும்பும் அயல்நாட்டுத் தம்பதிகள் முதலில் அங்கே போய்ப் பதினைந்து நாட்கள் குழந்தைகளுடன் பழக வேண்டும். 2013-ல் வந்த புதிய ஏற்பாடு அது. சமூக நல இலாகா ஊழியர் கவனித்து அறிக்கை எழுதுவார். பிறகு தம்பதிகள் ஊர் திரும்ப வேண்டும். குழந்தைகள் விடுதியிலேயே இருக்க வேண்டும். மறுபடி எப்போது சந்திப்பார்கள்? அதைத்தான் யாராலும் சொல்ல முடிவதில்லை.

"சுவீகாரம் என்று முடிவான பின் உடனே அழைத்துப் போனால் என்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். அப்படி அவசரப்பட்டதன் பலனை அந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 2010 ஜனவரி 12-ந் தேதி நேர்ந்த பூகம்பம் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸை நாசமாக்கியது. அடுத்த சில மாதங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் விசேஷ அனுமதியின் பேரில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தனர். அதே ஜனவரி மாதக் கடைசியில், 33 குழந்தைகளுடன் டொமினிகன் எல்லையைத் தாண்ட முயன்ற பத்து அமெரிக்கர்கள் கைதானார்கள். அநாதைகள் என்று சொல்லப்பட்ட அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தது பிற்பாடு வெளிவந்தது. ஹெய்ட்டியின் விடுதிகளில் வறுமையால் விடப்பட்ட பிள்ளைகள்தான் அதிகம்; தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் குறைவு.

ஆகவே சட்டம் இறுகியது. தம்பதிகள் தாமாகவே குழந்தையைத் தேடிப் பிடிப்பது தடுக்கப்பட்டது. எந்தக் குழந்தை எந்த வீட்டுக்கு என்பதை இலாகாவே தீர்மானிக்கிறது. 2014 ஏப்ரல் முதல் ஹேக் உடன்படிக்கையும் அங்கே அமலுக்கு வந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழகிப் பார்க்காமல் தகப்பனாவதைவிடப் பழகிப் பார்ப்பது மேல்.

சங்கடம் பதினாறாம் நாளில் ஆரம்பமாகிறது. அதிலும் அக்காள் தம்பி என்று இருவராக இருந்துவிட்டால் சங்கடம் இரட்டிப்பு. உடன்பிறந்தவர்களைக் கூடியவரை பிரிக்கலாகாது என்று 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நியாயந்தான். ஆனால், இருவருக்கும் தனித்தனியே பிறப்புப் பத்திரம், ஆவணக் காப்பகத்தின் நகல், கோர்ட்டுத் தீர்ப்பு, பாஸ்போர்ட், விசா எல்லாம் வேண்டும். தம்பியின் பத்திரத்தில் தாயின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அக்காளும் சேர்ந்துதான் நிற்க வேண்டும்.

காகிதத் தொல்லை போதாதென்று துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது. 2021 ஜூலையில் ஜனாதிபதி மொயீஸ் கொலையுண்டார். அதன் பின் தலைநகரின் பெரும் பகுதி ஆயுதக் கும்பல்களின் வசமாயிற்று. 2024 மார்ச்சில் மூடப்பட்ட விமான நிலையம் மே மாதந்தான் திறந்தது. நவம்பரில் ஒரு பயணி விமானத்தின் மீது குண்டு பாய்ந்ததால் மறுபடி மூடப்பட்டது; அமெரிக்க விமானங்கள் அங்கே இறங்கத் தடையும் வந்தது. வடக்கே காப்-ஹெய்ட்டியன் நகரில் விமானம் இறங்கலாம் என்றாலும், தலைநகரிலிருந்து அங்கே போகும் சாலைகளில் கும்பல்கள் காவல் நின்றன.

பழகும் பதினைந்து நாளைக் காகிதங்களெல்லாம் முடிந்த பிறகு வைக்கலாமே என்று ஒரு யோசனை தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அப்போது கோர்ட்டு, முகமே பார்த்திராதவர்களைப் பெற்றோர் என்று தீர்ப்பளிக்க வேண்டியதாகும். 2010-க்குத் திரும்புவதற்கு அதுவே பாதி வழி. செய்யத்தக்கது வேறு: தீர்ப்புக் கிடைத்த குழந்தைகளின் பாஸ்போர்ட்டுகளைப் பொது வரிசையில் சேர்க்காமல் முதலில் கொடுக்கலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

பெரியவர்களுக்கு ஆறு மாதம் ஆறு மாதந்தான். மூன்று வயதில் அந்தப் பதினைந்து நாளைக் கழித்த தம்பிக்கு, ஐந்து வயதில் அந்த முகங்கள் நினைவிருக்குமா? எட்டு வயது அக்காளுக்கு நினைவிருக்கும். படத்தைக் காட்டி, "இவர்கள்தான் வருவார்கள்" என்று அவனுக்குக் கிரியோல் பாஷையில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியவள் அவள்தான். எப்போது வருவார்கள் என்று அவன் கேட்டால், அதற்கு அவளிடம் பதில் இல்லை.