குறைந்த அழுக்கு தூய்மை ஆகுமா?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொண்டிருந்தேன். சுற்றுச்சூழலைப் பற்றிய தலைப்பு. ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “நிலக்கரி மின்நிலையங்களை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றிவிட்டால் காற்று தூய்மையாகிவிடும்.” எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழையும் இல்லை. கருத்தில்தான் பிழை. அதுவும் அவள் பிழையன்று. எரிவாயுவைத் ‘தூய எரிபொருள்’ என்று ஓயாமல் எழுதிவரும் பெரியவர்களின் பிழை!

எரிவாயுவின் நன்மையை நான் மறுக்கவில்லை. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு நிலக்கரி ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவைக் கக்குகிறது. புதிய எரிவாயு நிலையம் அதில் பாதிக்கும் குறைவாகவே வெளியிடும். சாம்பல் குவியாது. பாதரசமும் கந்தகப் புகையும் மிகவும் குறையும். காப்பார், மேரு வட்டாரங்களில், தோட்டங்களை விட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. அவர்களின் பிள்ளைகளுக்கு இது சிறிய செய்தியன்று.

ஆனால், இதை ஏதோ புதிய முன்னேற்றம்போல் முழங்குகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. ஒன்பதாம் மலேசியத் திட்ட அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் நம் நாட்டு மின்சாரத்தில் 77 விழுக்காடு எரிவாயுவிலிருந்து வந்தது. நிலக்கரியின் பங்கு 9 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அதன்பிறகுதான் எரிவாயுவையே நம்பியிருப்பது ஆபத்து என்று சொல்லி மஞ்சோங், தஞ்சோங் பின், ஜிமா என்று கடலோரமெங்கும் நிலக்கரி நிலையங்களை எழுப்பினோம். காப்பார் நிலையத்திலோ நிலக்கரியோடு எரிவாயுவையும் எரிக்கத்தக்க கொதிகலன்கள் முன்பே இருந்தன. ஆக, நாம் இப்போது போவதாகச் சொல்லும் இடம், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நாம் புறப்பட்ட இடம்!

‘மாற்றுதல்’ என்னும் சொல்லிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. பழைய கொதிகலனை அப்படியே வைத்துக்கொண்டு எரிப்பானை மட்டும் மாற்றுவது ஒரு வகை. செலவு குறைவு, ஆனால் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். பழையதை இடித்துவிட்டு, எரிவாயுச் சுழலியின் வெப்பத்தைக் கொண்டே நீராவிச் சுழலியையும் ஓட்டும் நிலையத்தைப் புதிதாய்க் கட்டுவது இன்னொரு வகை. அதில் 60 விழுக்காடு வரை கிடைக்கும். அமெரிக்காவில் 2011 முதல் 2019 வரை 103 நிலக்கரி நிலையங்கள் எரிவாயுவுக்கு மாறின. அந்தக் கணக்கில் இவ்விரு வகையும் கலந்தே உள்ளன. காப்பாரில் எரிவாயு நிலையம் அமைக்கும் எண்ணத்தைத் தெனாகா நேஷனல் முன்பே வெளிப்படுத்தியிருக்கிறது. அது புதிய நிலையமாகவே இருக்கட்டும். புதிதாய்க் கட்டினால் முப்பது ஆண்டு ஓட்டாமல் விடுவார்களா? இன்று ஐந்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது நாற்பது வயது கடந்திருக்கும்.

புகைபோக்கியில் தெரியாத குற்றம் ஒன்றும் உண்டு. இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். கிணற்றிலோ குழாயிலோ எரியாமல் கசிந்தால், இருபதாண்டுக் கணக்கில், அது கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். நூற்றில் மூன்று பங்கு கசிந்தாலே நிலக்கரியைக் கைவிட்டதன் உடனடி நன்மை பெரும்பாலும் கரைந்துவிடும் என்பது ஆய்வாளர் கணிப்பு. நிலையத்தின் வாயிலில் நின்று அளந்தால் இது அகப்படாது.

‘நம்மிடம்தான் எரிவாயு இருக்கிறதே’ என்பார் சிலர். இருக்கிறது, பிந்துலுவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியும் செய்கிறோம். ஆயினும் தீபகற்பத்தின் தேவைக்கு 2013 முதல் சுங்கை ஊடாங்கில் திரவ எரிவாயுவை இறக்குமதி செய்து வருகிறோம். 2022இல் உக்ரேன் போர் மூண்டபோது எரிவாயு விலை எகிறியது. வாங்க இயலாத பாகிஸ்தானும் வங்காளதேசமும் இருளில் தவித்தன. அடுத்த விலையேற்றத்தில் மின்கட்டணப் பட்டியல் யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

“இரவில் சூரியன் உண்டா?” என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்விதான். மாலை நேர உச்சத் தேவைக்கும் மழைநாளுக்கும் எரிவாயு துணை நிற்கட்டும். அதற்கு நான் எதிரியல்லேன். இரவும் பகலும் அதுவே ஓடவேண்டும், அதற்குப் ‘பசுமை’ என்று பெயரும் சூட்டவேண்டும் என்பதைத்தான் எதிர்க்கிறேன். மின்கலச் சேமிப்பும் கூரைச் சூரியத் தகடும் இன்று கனவுப் பொருள்கள் அல்ல.

2045க்குள் நிலக்கரியை விட்டொழிப்பதாக 2023இல் வெளியான ஆற்றல் மாற்றத் திட்டம் சொல்கிறது. மகிழ்ச்சி. அந்த நிலக்கரியின் இடத்தில் அமரும் எரிவாயு நிலையத்திற்கு முடிவு நாள் எது?

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! பள்ளி நிகழ்ச்சிக்குச் சட்டமன்ற உறுப்பினரை அழைக்கிறோம். மாலையிட்டு, மண்டபத்திற்கு மானியம் கேட்கிறோம். அடுத்த முறை கூடவே இவற்றையும் கேளுங்கள். புதிய நிலையம் எந்த ஆண்டில் மூடப்படும்? மீத்தேன் கசிவை அளப்பவர் யார், அந்தக் கணக்கு எங்கே வெளியிடப்படும்? நம் பள்ளிக் கூரைக்குச் சூரியத் தகடு எப்போது வரும்?