குதிரையைக் கண்டார், குளத்தைக் கண்டிலர்
‘பொன்னியின் செல்வன்’ தொடக்கமும் அதன் வாசகரும்

ஒரு நாவலின் தொடக்கத்தை மக்கள் எவ்வாறு வாசிக்கின்றனர் என்பது, அந்நாவலைப் பற்றிக் கூறுவதிலும் பார்க்க அம்மக்களைப் பற்றியே கூடுதலாகக் கூறுவதாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தமிழில் எழுந்த சரித்திர நாவல்களுள் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. 1950 ஒக்டோபர் 29இல் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி 1954இல் நிறைவுற்ற இத்தொடர், தலைமுறைகள் பலவற்றைக் கடந்தும் வாசகரை இழக்கவில்லை. 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வெளிவந்த திரைப்படத்தின் பின்னர் மாணவர் கைகளில் அது மீண்டும் தவழக் காண்கின்றோம். வாசிப்பது நன்று. எவ்வாறு வாசிக்கின்றோம் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

அண்மையில் மாணவ நண்பர்கள் சிலர் கூடியிருந்த வேளை, இந்நாவலின் முதல் அத்தியாயத்தைப் பற்றிப் பேச்செழுந்தது. மூவகையான கருத்துகள் வெளிப்பட்டன. ஒருவர், “குதிரை மீது வந்தியத்தேவன் தோன்றிய கணமே நான் அந்நாவலுக்கு அடிமையானேன்” என்றார். மற்றொருவர், “ஏரியும் கணவாயும் பற்றிய பக்கங்களைப் புரட்டிவிட்டேன், கதை அதற்குப் பின்னர்தானே தொடங்குகின்றது” என்றார். மூன்றாமவர் தம்மை முற்போக்காளர் எனக் கருதுபவர். “மூதாதையர் பெருமையைக் கண்டதும் முதற் பந்தியுடனேயே மூடி வைத்துவிட்டேன், மன்னர் புகழ் பாடும் நூலில் எமக்கென்ன வேலை?” என்றார். மூவரும் தம்முள் முரண்பட்டு நெடுநேரம் வாதிட்டனர். ஆயின் மூவரும் ஒரே தவற்றையே இழைத்தனர் என்பது எமது துணிபு. மூவருள் எவரும் அத்தொடக்கத்தில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதைக் காணவில்லை.

அங்கு எழுதப்பட்டிருப்பது யாது? கால வெள்ளத்தைக் கடந்து பின்னோக்கிச் செல்ல வருமாறு வாசகரை அழைக்கும் ஆசிரியர், முதலிற் காட்டுவது அரண்மனையையன்று, போர்க்களத்தையுமன்று. ஓர் ஏரியைக் காட்டுகின்றார். அதன் நீள அகலங்களைத் தருகின்றார். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அது நிரம்பித் ததும்புகின்றது. கணவாய்களின் வழியே நீர் பாய்கின்றது. கழனிகளில் உழவும் நடவும் நடைபெறுகின்றன. உழவரும் உழத்தியரும் பாடுகின்றனர். இவ்வளவின் நடுவேதான் அலுத்துக் களைத்த குதிரையொன்றின் மேல் வல்லவரையன் வந்தியத்தேவன் வருகின்றான். வந்தவன் செய்வதென்ன? அந்த ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் உண்டெனத் தான் கேள்வியுற்றதன் உண்மையை அறியும்பொருட்டு அவற்றை எண்ணிக்கொண்டு செல்கின்றான். நாவலின் நாயகனே கணவாய்களை எண்ணுகின்றான். வாசகரோ அவன் குதிரையின் குளம்படிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றனர்!

குளங்களின் நாட்டிற் பிறந்த எமக்கு இத்தவறு இரட்டிப்பான வெட்கத்தைத் தரவேண்டும். தமிழகத்தார் ஏரி என வழங்குவதையே நாம் குளம் என்கின்றோம். அவர்களுடைய கணவாயே எமது துருசு. வன்னியிலோ மன்னாரிலோ பிறந்த ஒரு கமக்காரனிடம் இத்தொடக்கத்தை வாசித்துக் காட்டினால், குளக்கட்டின் நீளத்தைக் கேட்டதும் அவன் நிமிர்ந்து உட்காருவான். எத்தனை ஏக்கர் பாயும், வான் எப்பக்கம், கட்டு உடைந்தால் திருத்துவது யார் என வினவுவான். அவனுக்குக் கதை அங்கேயே தொடங்கிவிடும். பல்கலைக்கழகம் வந்த நாமோ அப்பக்கங்களைப் புரட்டிச் செல்கின்றோம்.

வீரநாராயண ஏரி, இன்று தமிழகத்தின் கடலூர் மாவட்டத்திலே காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் வீராணம் என்ற பெயருடன் நிலைத்திருக்கின்றது. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் விருதுப்பெயர். அவன் மகன் இராசாதித்தன் இராட்டிரகூடரை எதிர்நோக்கித் திருமுனைப்பாடி நாட்டிற் படையுடன் தங்கியிருந்த காலத்தில், அப்படைவீரரைக் கொண்டே ஏரியை வெட்டுவித்தான் என்னும் மரபுவழிச் செய்தியையே கல்கியும் வந்தியத்தேவனின் நினைவாகத் தருகின்றார். 949இல் தக்கோலப் போரிலே இராசாதித்தன் யானை மேலிருந்தவாறே மாண்டான். அவன் ‘ஆனைமேற்றுஞ்சினார்’ எனப் போற்றப்பட்டான். மண் சுமந்தவருட் பலரும் அதே களத்தில் மாண்டிருப்பர். அவர்க்கு விருதுப்பெயர் எதுவுமில்லை. வென்ற களமும் தோற்ற களமும் இன்று பாடநூலில் மட்டுமே உள. வெட்டிய ஏரியோ வயல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றது. 2004 தொடக்கம் இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள சென்னைக்குக் குழாய்வழியே குடிநீரும் தருகின்றது. வரலாற்றில் எது நிலைத்தது என்ற வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

இவ்விடத்து மற்றுமோர் உண்மையையும் மனங்கொள்ளல் வேண்டும். ஏரியைப் பேணுதற்கு அக்காலத்தில் அமைப்புகள் இருந்தன. அதே பராந்தகனின் காலத்தில், 919இலும் 921இலும், உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் அதன் உறுப்பினரைக் குடவோலை முறையால் தெரிவு செய்யும் விதிகளையும் கூறுகின்றன. தமிழர் மக்களாட்சி என மேடைகள்தோறும் இவை விதந்தோதப்படுகின்றன. ஆனால், கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையோனே, தன் மனையில் வீடு கட்டி வாழ்வோனே, மறை கற்றோனே குடவோலையில் இடம்பெறத் தகுதியுடையோன் என்பதும் அதே கல்லில்தான் பொறிக்கப்பட்டுள்ளது. நாவலின் தொடக்கத்திற் பாடிக்கொண்டு நடவு நடும் பெண்களுள் ஒருத்தியின் பெயரும் அக்குடத்தில் விழுந்திராது. ஏரியை வெட்டியோர் வேறு. ஏரியை ஆண்டோர் வேறு. இவ்வேறுபாட்டைக் காணாதவன் சோழர் காலத்தைக் காணாதவன்.

இனி, தொடக்கத்தின் இரண்டாவது காட்சிக்கு வருவோம். கரையிலே மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடி உண்டு களித்திருக்கின்றனர். பெரும்படகுகள் சில ஏரியில் வருகின்றன. அவற்றைக் கண்டதும் மக்கள் பரபரப்புற்றுக் கரையேறுகின்றனர். காரணம் அறியாத வந்தியத்தேவன் முதியவர் ஒருவரை வினவ, அவர் நடுப் படகிற் பறக்கும் பனைமரக் கொடியைச் சுட்டிக் காட்டுகின்றார். அது பழுவேட்டரையரின் கொடி. அதிகாரம் இன்னும் வாய் திறக்கவில்லை, கொடி மட்டுமே தெரிகின்றது, விழாக் கலைந்துவிடுகின்றது. இந்தியா குடியரசாகி ஓராண்டும் நிறையாத வேளையில், 1951-52இல் முதன்முறையாக அனைவரும் வாக்களிக்கவிருந்த தேர்தலை எதிர்நோக்கியிருந்த வாசகர்களுக்கு எழுதப்பட்ட காட்சி இது என்பதை நினைவிற் கொண்டு வாசித்தல் வேண்டும். கொடியைக் கண்டு ஒதுங்கும் குடிகளின் கதையாக இந்நாவல் தொடங்குகின்றது. இதனைக் காணாமல், மன்னர் புகழ் எனக் கூறி நூலை மூடிவிட்ட எமது முற்போக்கு நண்பர், தமது வாதத்திற்கு மிகச் சிறந்த சான்றையே மூடி வைத்துவிட்டார்.

அந்நண்பருக்கு இன்னொன்றும் கூறவேண்டும். பேராசிரியர் கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வெளிவந்த காலந்தொட்டு, நாவலை அதன் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கும் நெறி எம்மிடையே வேரூன்றியுள்ளது. அந்நெறி எம்மிடம் உழைப்பைக் கோருவது. நூலைப் புரட்டாமலே தீர்ப்புக் கூறும் உரிமையை அது எவருக்கும் வழங்கவில்லை. சரித்திர நாவலை ஆராய்ந்த லூக்காச், ஸ்கொற்றின் நாவல்களிலே பேரரசரும் பெருவீரரும் அல்லாத நடுத்தரமான ஒருவன் நாயகனாக்கப்படுவதன் சிறப்பை எடுத்துக்காட்டினார். பகைமுகாம்கள் அனைத்திலும் கால் வைக்கக்கூடியவன் அவனே; அவன் வழியாகவே ஒரு காலகட்டத்தின் மோதல்கள் முழுமையாகப் புலப்படும். வந்தியத்தேவன் யார்? நாடிழந்த குலத்தில் எஞ்சியவன்; பிறர்க்கு ஓலை சுமந்து பிழைப்பவன். வரலாற்றில் அவனைப் பற்றி எஞ்சியிருப்பது, தஞ்சைக் கல்வெட்டு குந்தவையை அவனுடைய தேவியெனக் குறிப்பதற்கு மேல் மிகச் சிறிதே. கல்கி அவனைத் தெரிந்தெடுத்தமை தற்செயலன்று. இதனை ஆராயாமல் ‘றொமான்ஸ்’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்குவது விமரிசனமாகாது, சோம்பலாகும்.

எனினும் கல்கியை நாம் குற்றமற்றவராக்க முற்படவில்லை. வாசகர் குதிரையை மட்டும் கண்டமைக்கு அவரும் பொறுப்பாளியே. தொடக்கத்தில் அவர் ‘நாம்’, ‘நம் மூதாதையர்’ எனப் பேசுகின்றார். அந்த ‘நம்’ என்ற சொல் வெட்டுவித்தவனையும் வெட்டியவனையும் ஒன்றாக்கிவிடுகின்றது. வாசகன் தன்னை எவருடைய வழித்தோன்றலாகக் கருத விழைவான்? மண்கூடை சுமந்தவனுடைய வழித்தோன்றலாகவன்று. ஒவ்வொரு வாசகனும் அக்கணமே அரச குலத்தவனாகின்றான். அதன் பின்னர் கதை கடம்பூர் மாளிகையினுள் நுழைந்துவிட, கரையேறிய மக்களின் கதி என்னவென்று ஒருவரும் வினவுவதில்லை. நாவலின் முடிவும் இதற்கேற்பவே அமைகின்றது. பூமாலை தொடுத்துக் கோயிற்பணி புரிந்த சேந்தன் அமுதனே இறுதியில் அரியணை ஏறுகின்றான். ஆனால் எவ்வாறு ஏறுகின்றான்? அவன் உண்மையில் அரச குலத்திற் பிறந்தவன் என்பது வெளிப்பட்ட பின்னரே ஏறுகின்றான். குடிமகனை உயர்த்த வேண்டுமாயின் அவனைப் பிறப்பால் அரசனாக்கியே தீரவேண்டும் என்பது ஆசிரியரின் எல்லை. இவ்வெல்லையைச் சுட்டுவதே விமரிசகன் கடன். அதற்கு நூலை இறுதிவரை வாசித்திருத்தல் வேண்டும்.

இவ்வாதத்தைக் கற்களும் உறுதிசெய்கின்றன. ஆதித்த கரிகாலனின் கொலையே இந்நாவலின் நடுநாயகமான புதிர். அக்கொலையைக் குறிக்கும் கல்வெட்டு வேறெங்குமன்று, நாவல் தொடங்கும் அதே ஏரிக்கு அருகில், காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடிக் கோயிலில் உள்ளது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டிற்குரிய அச்சாசனம், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாரை விளித்து, கொலையிற் சம்பந்தப்பட்ட சோமன், இரவிதாசன் முதலியோரின் உறவினர் உடைமைகளைக் கைப்பற்றுவது பற்றிப் பேசுகின்றது. இளவரசனின் கொலையும் இறுதியில் ஒரு நிலப் பத்திரமாகவே எமக்கு எஞ்சியுள்ளது! நிலமும் நீரும் அன்றி வரலாறு இல்லை என்பதற்கு ஏரிக்கரையில் நிற்கும் அக்கல்லே சாட்சி.

இவையனைத்தும் ஏட்டளவிலான வாதம் எனக் கருதுவோர் ஈழத்து வரலாற்றைச் சற்று நோக்குவாராக. நாவலில் அருள்மொழிவர்மர் அநுராதபுரத்தில் விகாரைகளைச் செப்பனிடுகின்றார். பிக்குகள் அளிக்க முன்வந்த முடியை மறுக்கின்றார். அது கதை. வரலாற்றில், ஏறத்தாழ 993இல் அதே மன்னனின் படை அநுராதபுரத்தை அழித்தது. பொலநறுவை சோழரின் தலைநகராயிற்று. 1017 அளவில் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். விகாரைகள் சூறையாடப்பட்டதைச் சூளவம்சம் துயருடன் பதிவு செய்கின்றது. இந்நாட்டின் ஒரு வகுப்பறையில் அதே சோழர் தீராத காயமாகக் கற்பிக்கப்படுகின்றனர். மறு வகுப்பறையிலோ குதிரைமேல் வரும் கனவாக வாசிக்கப்படுகின்றனர். இரு சாராரும் அரசர்களையே தம் மூதாதையராக வரித்துக்கொண்டுள்ளனர். ஆயின் இத்தீவின் வரண்ட வலயமெங்கும் குளம் வெட்டியோர் யார்? அவர் மொழி எதுவாயினும் அவர் தோளிலிருந்த கூடை ஒன்றே. மூதாதையரை அரண்மனையிலே தேடியதன் விலையை, 2009இல் முடிவுற்ற போர்வரை இருதரத்தாரும் கொடுத்துவிட்டோம். இனியேனும் குளக்கட்டிலே தேடுவோமாக.

வாசகன் இன்பத்திற்காக வாசிக்கின்றான், அவனிடம் இவ்வளவு கேட்பது முறையோ என வினவுவோர் உளர். இன்பத்தை நாம் மறுக்கவில்லை. வந்தியத்தேவனின் துடுக்கும் ஆழ்வார்க்கடியானின் வாய்ச்சண்டையும் எம்மையும் மகிழ்வித்தவையே. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பெறும் இன்பத்திலும் கண்ணைத் திறந்து பெறும் இன்பம் குறைந்ததென எவர் சொன்னார்? துருசுகளை எண்ணியவாறு கரைவழியே செல்பவனுக்கும் மாலைக்காற்றுக் கிடைக்கத்தான் செய்யும்.

அந்த முதல் அத்தியாயத்திலே வந்தியத்தேவன் ஏறக்குறைய ஏரியின் முழு நீளத்தையும் கடந்து எழுபது கணவாய்கள்வரை எண்ணி விடுகின்றான். அப்பால் கதை அவனை இழுத்துச் சென்றுவிடுகின்றது. எஞ்சிய நான்கினை எண்ணும் பொறுப்பு வாசகருடையது. ‘பொன்னியின் செல்வன்’ வாசித்தேன் எனப் பெருமை கொள்ளும் ஒவ்வொருவரும் முதலில் அக்கணக்கை முடிப்பாராக; அதன் பின்னர் குதிரையைப் பற்றிப் பேசுவோம்.