தாதியர் கேட்கும் கேள்விகள்

தாதி என்றதும் பலரின் மனத்தில் கனிவான முகம் ஒன்று தோன்றும். மருந்து கொடுப்பவர், காயத்துக்குக் கட்டுப் போடுபவர், இரவு முழுவதும் கண்விழித்து நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் என்றே மக்கள் தாதியரைப் போற்றுகின்றனர். இந்த எண்ணம் தவறன்று. ஆனால், அது பாதி உண்மைதான். தாதியர் அன்பு காட்டுபவர்கள் மட்டுமல்லர். உற்றுநோக்கி, குறித்துவைத்து, காரணம் தேடும் ஆய்வாளர்களும் ஆவர். அவர்களின் ஆய்வுப் பணிக்கு நேரமும் மதிப்பும் கொடுக்காத சமூகம், அடுத்த பேரிடர் வரும்போது அதற்கான விலையைக் கொடுக்க நேரிடும்.

மருத்துவத்தில் நோயாளியைக் கவனிப்பவரின் இடத்தைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் கடைசிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் ஆகியோரே அவை. நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமை பெறாது. மருத்துவர் நோயாளியைச் சில நிமிடங்கள் பார்க்கிறார். தாதியோ பல மணி நேரம் உடனிருக்கிறார். ஆகவே, மற்றவர் கண்ணில் படாத மாற்றங்கள் தாதியின் கண்ணில் படுகின்றன. அவற்றிலிருந்துதான் கேள்விகள் பிறக்கின்றன.

இதற்கு முதற்சான்று ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். 1854ஆம் ஆண்டு கிரைமியப் போரின்போது அவர் 38 தாதியருடன் துருக்கியில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். 'விளக்கேந்திய மங்கை' என்று உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆயினும், விளக்கைவிட அவர் கையிலிருந்த எண்களே அதிக உயிர்களைக் காப்பாற்றின எனலாம். போர் முடிந்தபின் அவர் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். போரில் பட்ட காயங்களால் இறந்தவர்களைவிட, அசுத்தத்தால் பரவிய நோய்களால் இறந்த வீரர்களே மிகப் பலர் என்பது தெரியவந்தது. சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தைச் சீர்ப்படுத்திய பிறகே இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. இவ்வுண்மையை அவர் 1858ஆம் ஆண்டு வட்ட வடிவ வரைபடமாக வெளியிட்டார். நீண்ட அறிக்கைகளைப் படிக்க நேரமில்லாத தலைவர்களும் அந்தப் படத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டனர்.

தாதியரின் கேள்விகள் பல மிக எளிமையானவை. படுத்த படுக்கையாக இருக்கும் முதியோருக்குப் படுக்கைப் புண் ஏன் வருகிறது? அதைத் தடுக்க எந்தக் களிம்பைத் தடவுவது? ஒரு காலத்தில் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு களிம்பை நம்பியிருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த தாதி டோரீன் நார்ட்டனும் அவருடைய குழுவினரும் இதை முறையாக ஆராய்ந்து, 1962ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். களிம்பைவிட, நோயாளியைக் குறித்த நேரத்தில் திருப்பிப் படுக்க வைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்று தெரிந்தது. யாருக்குப் புண் வரும் அபாயம் அதிகம் என்பதை முன்கூட்டியே கணிக்க ஓர் அளவீடும் உருவானது. விலை உயர்ந்த மருந்தோ இயந்திரமோ அதற்குத் தேவைப்படவில்லை.

தாதியரின் ஆய்வு சில வேளைகளில் நிர்வாகத்தையும் கேள்வி கேட்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளைத் தாதிமைத் துறைப் பேராசிரியர் லிண்டா ஏய்க்கனின் குழு ஆராய்ந்தது. 2002ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு தாதி கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 விழுக்காடு அதிகமாக இருந்தது. 'வேலைப் பளு தாங்க முடியவில்லை' என்று தாதியர் சொன்னபோது அது முறையீடாக மட்டுமே கேட்டது. எண்ணாக எழுதிக் காட்டியபோது அது ஆதாரமாக மாறியது.

சாதாரண நாளிலேயே இவ்வாறு என்றால், பேரிடர்க் காலத்தில் இத்தகைய அறிவின் தேவை எவ்வளவு பெரியது! சிங்கப்பூர் அதை 2003ஆம் ஆண்டு நேரில் கண்டது. சார்ஸ் நோயால் 238 பேர் பாதிக்கப்பட்டனர்; 33 பேர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் நால்வர் சுகாதாரப் பணியாளர்கள். நோய் இன்னதென்று அறியப்படும் முன்பே, முதல் நோயாளியைக் கவனித்த தாதியர் சிலருக்கும் அது தொற்றியது. டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. பணியாளர்கள் நாள்தோறும் உடல் வெப்பநிலையைச் சோதித்துக்கொண்டனர். பள்ளி மாணவர்களுக்கும் வெப்பமானி வழங்கப்பட்டது.

அந்நெருக்கடிக் காலத்தில் சிங்கப்பூரின் சுகாதாரப் பணியாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. தங்களுக்குத் தொற்றும் அபாயம் பெரிது என்று நான்கில் மூவர் எண்ணினர். எனினும், பெரும்பாலோர் அதைப் பணியின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டனர். பாதுகாப்பு ஏற்பாடுகள் பயன் தந்தன என்று 96 விழுக்காட்டினர் கூறினர். ஆனால், ஏறக்குறையப் பாதிப் பேர், மக்கள் தங்களை ஒதுக்கியதாகத் தெரிவித்தனர். ரயிலிலும் மின்தூக்கியிலும் தாதியரின் சீருடையைக் கண்டு விலகிச் சென்றவர்கள் இருந்தனர்.

இந்த முடிவு மீள்திறனைப் பற்றி முக்கியமான ஒன்றைக் கற்பிக்கிறது. துன்பத்திலிருந்து மீண்டெழும் ஆற்றல் தனிமனிதரின் மன உறுதி மட்டுமே என்று பலர் நினைக்கின்றனர். அப்படியானால், சோர்ந்துபோன தாதியைப் பார்த்து 'நீ இன்னும் உறுதியாக இருந்திருக்க வேண்டும்' என்று சொல்லிவிடலாம். உண்மை அதுவன்று. நல்ல முகக்கவசம், தெளிவான விதிமுறை, போதிய ஓய்வு, அண்டை வீட்டாரின் ஒரு நல்ல சொல் ஆகியவை சேர்ந்தே மீள்திறனை வளர்க்கின்றன. வேரில் நீர் ஊற்றாமல் மரத்தை உறுதியாக நில் என்று சொல்வதில் பொருளில்லை.

ஜப்பானின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கோபே நகர்ப் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடிழந்த முதியோர் பலர் பழைய அண்டை அயலாரிடமிருந்து பிரிந்து, தற்காலிக வீடுகளில் தனியே குடியேறினர். அவர்களுள் சிலர் யாரும் அறியாமல் இறந்துபோயினர். நிலநடுக்கத்தில் தப்பியவர்களைத் தனிமை கொன்றது. பேரிடர்ப் பராமரிப்பு, மீட்புப் பணியோடு முடிவதில்லை என்பதைத் தாதியர் உணர்ந்தனர். 1998ஆம் ஆண்டு ஜப்பானில் பேரிடர்த் தாதிமைக்கென்றே ஒரு கழகம் தொடங்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு நீகாட்டா நிலநடுக்கத்தின்போது, காரிலேயே உறங்கிய சிலருக்குக் காலின் இரத்த நாளங்களில் இரத்தம் உறைந்தது. கால்களை மடக்கியபடி நெடுநேரம் இருந்ததும், கழிவறை வசதி குறைவாக இருந்ததால் தண்ணீர் அருந்தாமல் தவிர்த்ததும் இதற்குக் காரணங்கள். அதன்பின், 'தண்ணீர் குடியுங்கள், கால்களை அசையுங்கள், சற்று நடந்து வாருங்கள்' என்பது நிவாரண முகாம்களில் வழக்கமான அறிவுரையானது. உற்றுநோக்கலே அந்த அறிவுரைக்கு வழிவகுத்தது.

பேரிடர் நேரத்தில் உயிரைக் காப்பதா, குறிப்பெடுப்பதா என்று சிலர் கேட்கலாம். தாதியர் பற்றாக்குறை உள்ளபோது, அவர்களை ஆய்வுக்கு அனுப்புவது சரியா என்ற கேள்வியும் எழும். இவற்றில் நியாயம் இருக்கிறது. நோயாளியின் நலனே எப்போதும் முதலிடம் பெற வேண்டும். துன்பத்தில் இருப்பவரிடம் அவருடைய சம்மதமின்றித் தகவல் திரட்டுவது அறமாகாது. ஆயினும், இன்று குறித்து வைக்காத தவறு நாளை மீண்டும் நிகழும். தாதியர் பற்றாக்குறையால் நோயாளிகளுக்கு என்ன நேர்கிறது என்பதை நிறுவியதும் தாதிமை ஆய்வுதான். ஆய்வை நிறுத்தினால், பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டும் குரலும் அடங்கிவிடும்.

சிங்கப்பூரில் சில நல்ல அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. தாதிமை பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக வளர்ந்துள்ளது. சார்ஸ் தந்த பாடங்களின் பயனாக எழுந்த தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் 2019ஆம் ஆண்டு 330 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. சில மாதங்களிலேயே கொவிட்-19 வந்தது. வருமுன் காத்ததன் பலன் அப்போது தெரிந்தது. ஆனால், கட்டடம் மட்டும் போதாது. மருத்துவமனைகள் தாதியரின் பணி அட்டவணையிலேயே ஆய்வுக்கென நேரம் ஒதுக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடக்கூடாது. நோயாளிக்கு அருகில் நிற்கும் இளம் தாதி எழுப்பும் கேள்வியையும் மூத்தோர் செவிமடுக்க வேண்டும்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. கணிதத்திலும் அறிவியலிலும் ஆர்வமுள்ளவர்களுக்குத் தாதிமை ஏற்றதன்று என்ற எண்ணம் மாற வேண்டும். எண்களை அறிந்த நைட்டிங்கேல்தான் நவீனத் தாதிமைக்கு அடித்தளம் இட்டார். நெருக்கடி நேரத்தில் தாதியருக்குக் கைதட்டுவது நல்ல பழக்கமே. அதைவிட, ரயிலில் அவர்கள் அருகில் தயங்காமல் அமர்வது மேலானது. அவர்கள் கண்டறிந்ததைக் கேட்டு அதன்படி நடப்பது எல்லாவற்றிலும் மேலானது.